சுகருக்கு ஆப்பு, சென்சார், வாட்ச்: ஆறு மாசம் யூஸ் பண்ணிப் பாத்தாச்சு

போன ஆனி மாசம் ஹெச்பிஏ1சி 8.2 வந்துச்சுங்க. அது மூணு மாச சுகரோட சராசரிய காட்டற ரத்த டெஸ்டு, ரெண்டு நாள் பத்தியம் இருந்து லேபை ஏமாத்த முடியாது. 8.2ன்னா சராசரி சுகர் கிட்டத்தட்ட 189. நமக்கு கோயமுத்தூர் கணபதியில மோட்டார் ரீவைண்டிங் ஒர்க்‌ஷாப்பு, காலைல உக்காந்தா காயில் சுத்திட்டே பொழுது போயிரும், சாப்பாட்டுக்கு நேரங்காலமே கெடையாது. டாக்டர் மாத்திரைய ஏத்திட்டு "சாப்பாட்டக் கவனிங்க, நடங்க"ன்னு ரெண்டே வார்த்தைல அனுப்பிட்டாரு. எதைக் கவனிக்கிறதுன்னு கேட்டதுக்கு பையன் போன்ல ஒரு ஆப்பு போட்டுக் குடுத்தான். கம்பெனி பேரு சொல்லி சண்டை வாங்க நான் தயாரில்ல, சாமான் எப்படின்னு மட்டும் சொல்றேன்.

மொதல்ல சாப்பாட்டு ஆப்பு. சாப்பிட்டத டைப் பண்ணா கலோரி, மாவுச்சத்து, புரதம்லாம் பிரிச்சுக் காட்டும். இட்லி தோசை வரைக்கும் பரவால்லைங்க, சப்பாத்தின்னா கேக்கவே வேண்டாம், ஆனா அரிசிம்பருப்புன்னு அடிச்சா அரிசி தனி பருப்பு தனின்னு காட்டுது, சந்தகைன்னு (எங்க ஊரு இடியாப்பம்) அடிச்சா நூடுல்ஸாங்குது. ஒரு நாள் ராகி களிய போட்டோ எடுத்துப் போட்டேன், சாக்லேட் கேக்குன்னு சொல்லுச்சு, எங்க வீட்டம்மா அன்னிக்கு பூரா அதச் சொல்லி சிரிச்சிட்டிருந்தா. குக்கர்ல நாலு பேருக்கு ஆக்கி வச்சதுல நான் சாப்பிட்டது எத்தன கிராம்னு எந்த மகராசன் சொல்லுவான்? 400 ரூபாய்க்கு சமையல்கட்டு தராசு ஒண்ணு வாங்கினதுக்கப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் "ரெண்டு கரண்டி"ன்னு நெனச்சிட்டிருந்த சோறு 380 கிராம்னு. ஆப்புக்கு கட்டுன காசுல இந்த ஒரு விஷயந்தான் மிச்சம், அதையும் தராசுதான் சொல்லுச்சு.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். 16 மணி நேரம் சாப்பிடாம இருக்கிற சேலஞ்சுன்னு ஆப்புல வந்துச்சு, நானும் ஆர்வக்கோளாறுல சேந்துட்டேன். நான் எடுக்கறது கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரை, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது கணையத்த அமுக்கி இன்சுலின வெளிய தள்ளும். பதினோரு மணிக்கு ஒர்க்‌ஷாப்புல கை நடுங்கி வேர்த்து ஊத்துது, குத்திப் பாத்தா 62. பக்கத்து டீக்கடைல மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கரைச்சு வாங்கிக் குடிச்சு, கால் மணி நேரம் கழிச்சு திரும்பக் குத்தி, 91 வந்ததுக்கப்புறந்தான் உசுரு வந்துச்சு. என்ன மாத்திர போடறீங்கன்னு ஒரு கேள்வி கூட கேக்காம பட்டினி கெடக்கச் சொல்ற ஆப்ப என்னன்னு சொல்றது. இன்சுலினோ இந்த மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம அந்தப் பக்கமே போயிராதீங்க.

இப்ப சென்சார், சுகர விடாம பாத்து கோடா போட்டுக் காட்டற சாமான். அஞ்சாயிரம் ரூபாய்க்கு கொஞ்சம் கம்மி, மேல்கைக்குப் பின்னாடி ஒட்டிக்கணும், 14 நாள் தாங்கும். வலியெல்லாம் எறும்பு கடி அளவுதான். முடி மாதிரி ஒரு இழை தோலுக்கு அடில போய் உக்காந்துக்கும், அது ரத்தத்துல பாக்கறதில்ல, செல்லுக்கு நடுவுல இருக்கிற நீர்லதான் பாக்குது, அதனால ரத்தத்துல ஏறுனது இதுல தெரிய பத்து நிமிஷம் வரைக்கும் பிந்தும். இது தெரியாம மொத நாள் குளுக்கோமீட்டரையும் இதையும் வச்சுகிட்டு ரெண்டும் ஒத்துப்போகலையேன்னு கத்திட்டிருந்தேன். அந்தக் கைப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா அமுங்கி பொய்யா கம்மியாக் காட்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு 58ன்னு அலாரம் அடிச்சு வீடே எந்திரிச்சு ஒக்காந்துச்சு, விரல்ல குத்திப் பாத்தா 104. மத்தபடி இந்த 14 நாள்ல கத்துக்கிட்டத பத்து வருஷத்துல நான் கத்துக்கல. ரீவைண்டிங்காரன் பாஷைல சொல்லணும்னா மீட்டர் வச்சா மோட்டார் ரெடியாயிராது, ஆனா எங்க லோடு இழுக்குதுன்னு தெரிஞ்சிரும்.

எங்க இழுத்துச்சு? ராகி களில. சுகருக்கு நல்லதுன்னு ஊரே சொல்லி நாலு வருஷமா ராத்திரி களிதான், ஒண்ணர மணி நேரத்துல 231க்கு போய் நிக்குது கோடு. கேவுரு மாவும் மூணுல ரெண்டு பங்கு மாவுச்சத்துதான, அதுவும் நைசா அரச்சு ரெண்டு உருண்ட முழுங்குனா என்ன ஆகும். அதே நான் அரிசிம்பருப்பு பாதி தட்டு, பொரியல் பாதி தட்டு, கூட ரெண்டு முட்டைன்னு சாப்பிட்டன்னிக்கு 172 தாண்டல.

அடுத்தது காலைல ரேஸ்கோர்ஸ் வாக்கிங். ரெண்டு சுத்து நடப்போம், அப்புறம் செட்டா சேந்து பேக்கரில நின்னு டீயும் தேங்கா பன்னும், கோயமுத்தூர்க்காரனுக்கு இது சொல்லணுமா. போன் என்னடான்னா 6,000 ஸ்டெப்பு, பிரமாதம்னு பட்டாசு வெடிக்குது, சென்சார்ல பாத்தா நடந்ததுக்கு எறங்குனத விட பன்னுக்கு ஏறுனது டபுள். அதுக்கப்புறம் டீ மட்டும், சக்கரை இல்லாம, செட்டுக்காரனுங்க கிண்டல் தாங்கல. ராத்திரி சாப்பிட்டு முடிச்ச கையோட தெருவுல இருவது நிமிஷம் நடந்தன்னிக்கு கோடு மலையாட்டம் ஏறாம மேடாட்டம் போய் எறங்குது, தசை வேல செஞ்சா இன்சுலினுக்குக் காத்திருக்காம சக்கரைய இழுத்துக்குமாம். இந்த 10,000 ஸ்டெப்பு கணக்கே 1965ல ஜப்பான்ல நடைமானி விக்க வச்ச பேர்ல இருந்து வந்ததுங்க, அதுக்குப் போய் நைட்டு பதினோரு மணிக்கு ஹாலுக்குள்ள சுத்திட்டிருந்தேன் நானு.

வாட்சு. மச்சான் பையன் ஆன்லைன்ல 1,800க்கு வாங்கினது, குத்தாமயே சுகர் பாக்குமாம். எனக்கு 98 காட்டுச்சு, எங்க வீட்டம்மாவுக்கு 101, வாழக்காய்ல கட்டிப் பாத்தோம், அதுக்கும் 99. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலயே சொல்லிருச்சு, தோலக் குத்தாம தானா சுகர் பாக்கற வாட்சு மோதிரம் எதுக்கும் அனுமதி குடுக்கல, நம்பாதீங்கன்னு. ஜீரோ ஸ்டார்.

குளுக்கோமீட்டர் பத்தி நீட்ட ஒண்ணுமில்ல. ஸ்ட்ரிப்பு 20 ரூபா சொச்சம், 100க்கு மேல போனா 15 சதவீதம் முன்ன பின்ன காட்டறது அதோட விதிமுறைலயே உண்டு, 140க்கும் 150க்கும் அழுவாதீங்க. கைய கழுவித் தொடச்சுட்டு குத்துங்க, மாம்பழம் உரிச்ச கையோட குத்தி நான் 290 பாத்து மெரண்டிருக்கேன்.

மார்கழில ஹெச்பிஏ1சி 7.1. டாக்டர் கிளிமிபிரைட பாதியாக்கிட்டாரு. ஆப்பு சந்தாவ நிறுத்தியாச்சு, அத நிறுத்த அஞ்சு போன் கால் ஆச்சு. தராசும் மீட்டரும் தெனமும், சென்சார் மூணு மாசத்துக்கு ஒண்ணு, எனக்கு இது போதும். அடுத்தது வாங்கி வச்சாச்சு, போகிக்கு ஒட்டுனா பொங்கல் முடிஞ்சும் பத்து நாள் ஓடும். அம்மா இப்பவே சொல்லிருச்சு, "கையில ஒட்டு போட்டுட்டு வந்து சக்கரைப் பொங்கல் வேண்டாங்காத கண்ணு, பொங்கலன்னிக்கு அதக் கழட்டி வெய்யி". கழட்டுனா திரும்ப ஒட்ட முடியாதுன்னு அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.