கோதாவரியில் சரக்கு ரயில்: வளைவுப் பாலமா, இரும்புப் பாலமா?

ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்க ரயிலுக்கு இப்போது இரண்டு பாலங்கள். கேமராவோடு போகிறவர் எதன் அருகில் நிற்பது?

1997-இல் வந்த கான்கிரீட் வளைவுப் பாலத்தில் ஒவ்வொரு வளைவும் 97.5 மீட்டர். 58 பெட்டிகள் கொண்ட நிலக்கரி ரயில் ஏறினால் ஆறேழு வளைவுகளை நிறைத்துவிடும். வளைவிலிருந்து தொங்கும் மெல்லிய தூண்களுக்கு நடுவே பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். சூரியன் மறைவது எதிர்க்கரையான கொவ்வூர்ப் பக்கம். மாலையில் ராஜமுந்திரிக் கரையில் நின்றால் ரயிலும் வளைவும் கருநிழலாக வரும். எல்லோரும் எடுக்கும் படம்தான், அலுக்கவில்லை. பக்கத்தில் நிற்கும், இப்போது ரயில் ஓடாத பழைய ஹேவ்லாக் பாலம் சட்டகத்துக்குள் நுழையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1974-இல் திறந்த இரும்புப் பாலம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மேலே சாலை, கீழே ஒற்றைத் தண்டவாளம். உச்சிவெயிலில் மேல்தளத்தின் நிழல் ரயில்மேல் விழும், குறுக்குச் சட்டங்கள் பெட்டிகளைத் துண்டு போடும். கறுப்புப் பெட்டி, கறுப்பு நிழல், ஒன்றும் தேறாது. அப்புறம் ஏன் போவது? ராஜமுந்திரி முனையில் பாலம் வளைகிறது. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் அடிக்கும் நேரத்தில், அந்த வளைவில் எஞ்சின் திரும்ப, மேலே லாரி போக, இரண்டும் ஒரே படத்தில் சிக்கினால் வளைவுப் பாலத்தை மறந்துவிடுவீர்கள்.

ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறதா? சரி, வளைவுப் பாலம். தங்கப் போகிறீர்கள் என்றால் இரும்புப் பாலத்துக்கே என் ஓட்டு. எதுவானாலும் தண்டவாளத்தில் ஏறாதீர்கள். கரையிலிருந்தே லென்ஸ் எட்டும்.