ஷ்லீரன் கண்ணாடி செட்: ஆடி அருமை, ஸ்டாண்டை மட்டும் மாற்றிவிடுங்கள்

கண்ணுக்குத் தெரியாத காற்றின் அசைவைப் படமாகக் காட்டும் முறைதான் ஷ்லீரன். 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் உள்ள குழியாடி, ஒரு எல்இடி, சவரப் பிளேடு மாட்டும் தாங்கி, ஸ்டாண்டு. இவ்வளவுதான் செட். ஆன்லைனில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது.

ஆடியிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி விளக்கை வைத்தால், திரும்பி வரும் ஒளி விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு புள்ளியாகக் குவியும், அந்தப் புள்ளியைப் பிளேடால் பாதி மறைத்துவிட்டு அதற்குப் பின்னால் கேமராவை வைக்க வேண்டும். காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி துளியூண்டு வளையும், வளைந்தது பிளேடில் முட்டினால் இருட்டு, தப்பினால் வெளிச்சம். 1864-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆகஸ்ட் டோப்ளர் (Toepler) செய்த அதே முறைதான். முதலில் கற்பூரம் ஏற்றிப் பார்த்தேன். சுடருக்கு மேலே சூடான காற்று சுருண்டு சுருண்டு ஏறுகிறது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் நான் வாங்கியதே ஒலியை மிஞ்சும் காற்றைப் பார்க்கத்தான். காற்றுக் குழாய்க்கு உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைப் போல 1.9 மடங்கைத் தொட்டாலே துளையின் வாயில் காற்று ஒலி வேகத்துக்கு வந்துவிடும், அதற்கு மேல் ஏற்றினால் வெளியே வந்து விரியும்போது ஒலியையும் தாண்டிவிடும். கம்ப்ரசரில் 6 பார் அழுத்தம், குழாய் முனையில் 2 மி.மீ. துளை. முதல் நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, ஒளி போகும் வழியும் வரும் வழியும் கொஞ்சம் விலகியிருப்பதால்தான் அப்படி. குழாயை ஆடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் சரியாயிற்று. அப்புறம் பார்த்தால், சில மில்லிமீட்டர் நீளத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஷாக் டைமண்ட்கள் (ஒலியை மிஞ்சும் காற்றில் அதிர்வலைகள் உண்டாக்கும் வைர வடிவங்கள்), கோத்த மணி மாதிரி வரிசையாக, அசையாமல் நிற்கின்றன! செல்போன் கேமராவே போதும்.

ஸ்டாண்டுதான் மோசம். யாராவது நடந்தாலே படம் ஆடுகிறது. விற்றவரிடம் கேட்டால் திருகை இன்னும் இறுக்கச் சொன்னார், இறுக்கினால் கண்ணாடியே நெளிந்து ஒளிப்புள்ளி முக்கோணமாக இழுத்துக்கொண்டது. திருகைத் தளர்த்திவிட்டு, சிமென்ட் கல்மேல் வேறு தாங்கி செய்துகொண்டேன்.

பலூன் வெடிக்கும் அலையைப் பிடிக்கலாம் என்று வாங்காதீர்கள். 1/8000 நொடி ஷட்டரிலும் அலை 4 செ.மீ. ஓடிவிடும். இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்கரும் 1886-ல் துப்பாக்கிக் குண்டின் அலையை, கண நேரமே மின்னும் மின்பொறி வெளிச்சத்தில்தான் பிடித்தார்கள். இன்னொன்று, கம்ப்ரசருக்குக் கட்டாயம் ஃபில்டர் போடுங்கள், தண்ணீரும் எண்ணெயும் தெறித்தால் ஆடியின் அலுமினியப் பூச்சு வீணாகிவிடும்.