யூபிளாக் ஆரிஜின்: நன்கொடை கேட்காத விளம்பரத் தடுப்பான்

செய்தித்தளம் ஒன்றைத் திறந்ததும் காணொளி விளம்பரம் தானாகவே ஓடத் தொடங்குகிறது. அதை மூடினால் அடியிலிருந்து இன்னொரு பட்டை எழுகிறது. வாசித்துக்கொண்டிருந்த பத்தியோ இடையில் புகுந்த படத்தால் கண்ணுக்கு எட்டாமல் கீழே தள்ளப்படுகிறது. விளம்பரத் தடுப்பானை நிறுவுவோரில் பலர் இந்த எரிச்சல் தாங்காமல்தான் நிறுவுகிறார்கள். யூபிளாக் ஆரிஜின் என்னும், உலாவியில் சேர்த்துக்கொள்ளும் இலவச நீட்சி இந்த எரிச்சலைப் போக்குவதோடு, தடுப்பதற்கு அதைவிட வலுவான காரணம் ஒன்று இருப்பதையும் கண்முன் காட்டுகிறது.

உலாவியின் மேல்பட்டையில் உள்ள அதன் சிவப்புக் கேடயத்தைச் சொடுக்கி, 'மேலும்' என்பதை அழுத்தினால், நாம் திறந்த ஒரே பக்கம் எத்தனை வெளித்தளங்களோடு தொடர்புகொள்ள முயன்றது என்ற பட்டியல் விரிகிறது. விளம்பரத்துக்கென ஒதுக்கிய இடம், பக்கம் திறக்கும் அந்தக் கணநேரத்தில் பல நிறுவனங்களுக்கிடையே ஏலம் விடப்படுகிறது; வென்றவரின் நிரல் நம் கணினியில் வந்து இயங்குகிறது. இன்ன வாசகருக்கு இன்ன விளம்பரம் போகிறது என்பது தளத்தை நடத்துபவருக்கே பெரும்பாலும் தெரியாது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற மதிப்புமிக்க தளங்களில்கூட விளம்பர வலையமைப்புகள் வழியாகத் தீநிரல் பரவியது இப்படித்தான். தேடுபொறி விளம்பரங்களில் அசல் நிறுவனங்களைப் போல வேடமிட்டு ஏமாற்றுவோர் பெருகியதையொட்டி, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பே தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. எனவே விளம்பரத்தைத் தடுப்பதை இலவசமாகப் படிக்கத் துடிப்பவர்களின் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. முன்பின் அறியாதவர் நிரலுக்கு நம் கணினியில் இடம் தர மறுப்பதும் அதில் அடங்கும்.

இதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் நீட்சிகள் பல உள்ளன. அவற்றில் பெயர்பெற்ற ஆட்பிளாக் பிளஸ், 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற திட்டத்தின்கீழ் சில விளம்பரங்களை அனுமதிக்கிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறப் பெரிய நிறுவனங்கள் பணம் செலுத்துகின்றன. பயனர் விரும்பினால் இதை நிறுத்திவிடலாம் என்றாலும், தடுப்பவரே கடந்துபோகக் கட்டணம் வாங்குவது எனக்குச் சுங்கச்சாவடியைத்தான் நினைவூட்டுகிறது. நிரலாளர் ரேமண்ட் ஹில் 2014-இல் தொடங்கிய யூபிளாக்கிலிருந்து 2015-இல் பிரிந்து வளர்ந்த யூபிளாக் ஆரிஜினில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. மூல நிரல் எவரும் படித்துப் பார்க்கும்படி திறந்திருக்கிறது. உருவாக்கியவர் தமக்கென நன்கொடைகூடக் கேட்பதில்லை. உதவ விரும்பினால், எவற்றைத் தடுக்க வேண்டும் என்று நீட்சிக்குச் சொல்லும் ஈசிலிஸ்ட் போன்ற வடிகட்டிப் பட்டியல்களைப் பராமரிப்பவர்களுக்கு உதவுங்கள் என்கிறார்.

நிறுவியதும் எதையும் மாற்றாமலே நன்றாக வேலை செய்கிறது. பட்டியலுக்குத் தப்பிய பகுதி ஏதேனும் கண்ணை உறுத்தினால், துளிசொட்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தி அதைச் சுட்டிக்காட்டி நிரந்தரமாக மறைத்துவிடலாம். வெளித்தள நிரல்கள் அனைத்தையும் மறுக்கும் கடுமையான முறையும் உண்டு. ஆனால் அதைத் தொட்டால் பணம் செலுத்தும் பக்கம், கருத்துப்பெட்டி, காணொளி என்று ஏதாவது ஒன்று அவ்வப்போது முடங்கும். ஒவ்வொரு தளத்துக்கும் எதை அனுமதிப்பது என்று நாமே தேடிப் பார்க்கும் பொறுமை வேண்டும். வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விளம்பர வருவாயை நம்பியே வாழும் சிறிய தளங்களுக்கு இது இழப்புதான் என்பதை மறுக்க இயலாது. கேடயத்தைச் சொடுக்கியதும் மேலே தெரியும் பெரிய பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நின்றுவிடும். அந்தத் தேர்வும் நினைவில் வைக்கப்படும். அளவோடு விளம்பரம் வைக்கும் தளங்களுக்கு நான் அப்படியே விலக்கு அளித்திருக்கிறேன். சந்தா வசதி இருந்தால் அதையே விரும்புவேன்.

இதன் பெரிய குறை நீட்சிக்கு வெளியே, உலாவியில் இருக்கிறது. யூபிளாக் ஆரிஜின் போலப் பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளுக்கான ஆதரவை 2024-இல் விலக்கத் தொடங்கிய கூகுளின் குரோம் உலாவி, 2025-இன் நடுப்பகுதிக்குள் அதை முற்றாக நிறுத்தியது. பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்து முடிவெடுத்த பழைய முறை போய், முன்கூட்டியே எழுதிக் கொடுத்த விதிகளை உலாவி செயல்படுத்தும் புதிய முறை வந்துவிட்டது. பாதுகாப்பையும் வேகத்தையும் கூகுள் காரணம் காட்டுகிறது. அதன் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவதையும் சேர்த்தே நாம் எடைபோட வேண்டும். குரோமில் இன்று கிடைப்பது இதன் எளிய வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் மட்டுமே. வழக்கமான விளம்பரங்களை அது திறமையாகவே தடுக்கிறது. தளம் வாரியாக நுணுக்கமாக அனுமதிக்கவும் மறுக்கவும் உதவும் அந்த விரிந்த பட்டியல் அதில் இல்லை. முழுமையான வடிவம் வேண்டுவோர் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு மாறுவதே நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஃபயர்பாக்ஸில் அது முழுமையாக இயங்குகிறது.

நிறுவும்போது பெயரைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 'ஆரிஜின்' என்ற சொல் இல்லாமல் வெறும் 'யூபிளாக்' என்று இருப்பது 2018-இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், பின்னர் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' திட்டத்திலும் சேர்ந்துவிட்ட ஒன்று. உருவாக்கியவர் என்ற இடத்தில் ரேமண்ட் ஹில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.