நுவரெலியாக் குளிரில் நீர்க்குளிரூட்டி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

"இந்தக் குளிரில் கணினிக்கும் தண்ணீர் தேவையா?" என்று கேட்காத நண்பர்கள் குறைவு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். சூட்டைத் தணிப்பது மட்டுமே நோக்கம் என்றால் இங்கே கணினியின் மூளையான சிப்பின் சூட்டை உலோகத் தகடுகளாலும் விசிறியாலும் ஆற்றும் நல்லதொரு காற்றுக்குளிரூட்டி தாராளமாகப் போதும். நீர்க்குளிரூட்டியில் ஒரு பம்ப் திரவத்தைக் குழாய்வழியே ஓட்டி, சிப்பின் சூட்டை விசிறிகள் பொருத்திய ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றும். நான் அதைப் பரிந்துரைப்பது சத்தத்துக்காக.

கல்யாண வீடியோக்களைத் தொகுப்பது என் தொழில். யன்னல்களை இறுக அடைத்த அறையில் கூரை விசிறியும் கிடையாது, ஏசியும் கிடையாது. கணினியின் இரைச்சல் ஒன்றுதான் கேட்கும். முன்பிருந்த காற்றுக்குளிரூட்டி, நிறத்திருத்தம் ஒன்றைச் சேர்த்த உடனே சீறும், மறுகணம் அடங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பெரிய தொல்லை. திரவம் சூடேறவும் ஆறவும் நேரம் எடுக்கும். விசிறியின் வேகத்தைச் சிப்பின் சூட்டுக்குப் பதிலாகத் திரவத்தின் சூட்டுக்கேற்ப அமைத்துவிட்டால் அந்தச் சீற்றம் நின்றுவிடுகிறது. அதற்கான வசதி எல்லா மாதிரிகளிலும் இல்லை; பார்த்து வாங்குங்கள். இப்போது நாதஸ்வரம் ஓயும் இடத்தை ஹெட்போன் இல்லாமலே கேட்டு வெட்டுகிறேன்.

நான் வைத்திருப்பது தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடப்பட்ட வகை. 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர், இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகள். ரேடியேட்டரின் தடிப்பு 27, விசிறியின் தடிப்பு 25, ஆக 52 மில்லிமீட்டர் இடம் வேண்டும். கணினிப் பெட்டியின் மேற்புறத்தில் பொருத்தினால் உயரமான ரேம் (நினைவக அட்டை) தட்டக்கூடும் என்பதால் முன்புறத்தில் பொருத்தினேன். எங்கே பொருத்தினாலும் பம்ப் மிக உயர்ந்த இடத்தில் அமையக் கூடாது. காலப்போக்கில் குழாய்ச் சுவர் வழியே சிறிதளவு திரவம் கசிந்து ஆவியாகும். அந்த வெற்றிடத்தில் சேரும் காற்று மேலேதான் போய்த் தங்கும். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரமாக இருந்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பம்பும் களகளவென்று ஒலிக்காது.

பனிமூட்டத்தில் பெட்டிக்குள் நீர் கோர்க்குமோ என்ற பயம் வேண்டாம். இந்த முறையால் எதையும் அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க முடியாது. அதனால் இதன் குழாயில் பனித்துளி படியாது.

உண்மையான தொல்லை ஈரம் கலந்த தூசு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அது ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அப்பிக்கொள்கிறது. ஊதினால் போகாது. விசிறிகளைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தகடுகள் ஓடும் திசையிலேயே வருட வேண்டும். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கிவிடும். தூசு வடிகட்டியைக் கழுவினால் நன்றாக உலர்த்திய பிறகே மாட்டுங்கள். மழைக்காலத்தில் அதற்கு ஓர் இரவு போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றுக்குளிரூட்டியில் விசிறி நின்றாலும் உலோகத் தகடுகள் ஓரளவு தாங்கும். இதில் பம்ப் நின்றால் சூடு மளமளவென ஏறும், கணினி தானாக அணைந்துவிடும். கல்யாணப் பருவத்தில், கொழும்பிலிருந்து மாற்று வரும்வரை கைகட்டி உட்கார முடியாது. ஆகவே பழைய காற்றுக்குளிரூட்டியை அதன் திருகுகளோடும் சிப்புக்கும் குளிரூட்டிக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் குழாய் ஒன்றோடும் எடுத்து வையுங்கள். பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில்) பம்ப் வேக எச்சரிக்கையையும் இயக்கிவிடுங்கள்.