அண்ட்ரொய்ட்: தமிழுக்குக் கெட்டி, அப்டேட்டுக்குச் சோம்பல்

அண்ட்ரொய்டில் எனக்குப் பிடித்ததே தமிழ் எழுதும் வசதிதான். கூகுள் விசைப்பலகையின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழுக்குத் தனித் தெரிவே இருக்கிறது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குச் செய்தி அனுப்ப இதுதான் கைகொடுக்கிறது. 'வெளிக்கிட்டிட்டன்' என்றால் கொஞ்சம் தடுமாறும். ஹோர்ன் சத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து செயலிகள் கேட்கும் அனுமதிகளை ஒவ்வொன்றாக மறுக்கலாம். டோர்ச் செயலிக்கு என் தொடர்பு எண்கள் எதற்கு?

குறை அப்டேட்தான். கூகுள் புதிய பதிப்பை வெளியிட்டாலும் போன் தயாரிப்பாளர் மனம் வைத்தால்தான் நமக்கு வரும். கூகுளின் சொந்தப் போனான பிக்சல் 8க்கு 7 வருட அப்டேட் உறுதி உண்டு. என் மலிவுப் போனுக்கு இரண்டாம் வருடமே கதை முடிந்தது. கொழும்பில் லிபர்ட்டி பிளாஸா பக்கம் போன் பார்க்கப் போனால், கமராவைப் பற்றிக் கேட்க முதல் இதைக் கேளுங்கள்.