லேபிள் பிரிண்டரில் நாட்டுத் தொகுதியா, கோட் பேஜா, யூனிகோடா?

பிரிண்டருக்கு எழுத்துகள் போவதில்லை, எண்களே போகின்றன. எந்த எண்ணை எந்த எழுத்தாகப் படிப்பது என்பதை, ஜீப்ரா பிரிண்டர்களின் இசட்பிஎல் மொழியில் சிஐ என்னும் கட்டளை முடிவுசெய்கிறது. அதற்கு 0 முதல் 12 வரை கொடுத்தால் நாட்டுத் தொகுதிகள், அதாவது பெரும்பாலும் ஒவ்வொரு நாட்டுக்கென அமைந்த சிறு எழுத்து வரிசைகள். 13 கொடுத்தால் கோட் பேஜ் (எண்-எழுத்து அட்டவணை) 850. 27 கொடுத்தால் 1252. 28 கொடுத்தால் யூடிஎஃப்-8, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொது எண் முறையான யூனிகோடை பைட்டுகளாக எழுதும் வழி.

நாட்டுத் தொகுதிகள், 128 இடங்களே இருந்த 7-பிட் காலத்து ஏற்பாடு. புதிய எழுத்துக்கு இடம் வேண்டுமானால் பழைய குறி ஒன்றை வெளியேற்றியாக வேண்டும் என்பதால், ஜெர்மன் தொகுதியில் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் மேலே இரு புள்ளி கொண்ட எழுத்துகள் அச்சாகும். பழைய லேபிள் வார்ப்புருக்களைக் காப்பாற்றுவதற்கு அன்றி வேறெதற்கும் இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோட் பேஜ்களில் 256 இடங்கள் உண்டு. ஆனால், அனுப்பும் மென்பொருளும் பிரிண்டரும் ஒரே கோட் பேஜில் இருக்க வேண்டும். பிரெஞ்சுச் சொல்லான 'கஃபே'யின் இறுதியிலுள்ள மேற்குறியிட்ட 'இ' (é) 1252இல் 233ஆம் எண். 850இல் அது 130. விண்டோஸ் கணினி 1252 முறையில் அனுப்பிய 233ஐ 850இல் நிற்கும் பிரிண்டர் மேற்குறியிட்ட பெரிய 'யூ'வாக (Ú) அச்சிட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. யூரோ குறி 1252இல் உண்டு, வழக்கமான 850இல் இல்லை. 2010இல் யூனிகோடில் சேர்ந்த ரூபாய்க் குறியோ இரண்டிலுமே இல்லை.

ஒரே லேபிளில் பல மொழிகள் வேண்டுவோருக்கு யூடிஎஃப்-8தான் சரியான தேர்வு. ஆயினும் தமிழுக்கு அது மட்டும் போதாது. தமிழ் எழுத்துகளைக் கொண்ட எழுத்துரு பிரிண்டரில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்; 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் ஒகரக் குறி அதன் இருபுறமும் பிரிந்து அமைய, எழுத்துகளைக் கோத்தமைக்கும் வசதியும் வேண்டும். பிஏ கட்டளையை ஏற்கும் மாடல்களில் இவ்வசதியை இயக்கலாம். அது இல்லாத பிரிண்டரில், கணினியிலேயே சொல்லைப் படமாக்கி அனுப்புவது பாதுகாப்பானது: ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் எனில், 50க்கு 25 மில்லிமீட்டர் லேபிள் முழுவதையும் படமாக்கினாலும் சுருக்காத நிலையில் 10,000 பைட்தான். மாறாத பொருட்பெயரைப் படமாக வைத்து, நாள்தோறும் மாறும் விலையையும் தேதியையும் யூடிஎஃப்-8 எழுத்தாக அனுப்புவதே என் தேர்வு.

எதைத் தேர்ந்தாலும் முதல் சோதனை லேபிளில் 'கொ', 'பௌ', ரூபாய்க் குறி ஆகிய மூன்றையும், கையால் தட்டச்சிடாமல், உண்மையில் பயன்படுத்தப்போகும் தரவுக் கோப்பிலிருந்தே எடுத்து அச்சிட்டுப் பாருங்கள்.