ராயக்கோட்டைப் பக்கம் தெருவாகச் சேர்ந்து கட்டிய சாண எரிவாயு கலன்: வாங்கலாமா?

மாடு வைத்திருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல அடுப்பு கிடையாது. ஆனால் ஊரில் நீங்கள் ஒரே ஒரு வீடு மட்டும் கட்டுவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டு இறங்குங்கள்.

எங்களுடையது நாளைக்கு 2 கன மீட்டர் வாயு தரும் அளவுள்ள, தீனபந்து என்ற வகைக் கலன். செங்கல் கட்டுமானம், முழுக்க மண்ணுக்குள், மேலே குவிந்த மூடி. இதற்கு தினமும் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும், அதாவது கறவை மாடு நாலைந்தாவது கட்டுத்தறியில் நிற்க வேண்டும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடுகளுக்கு இது சரியாக வரும், இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு இந்த அளவில் கட்டினால் பாதி நாள் அடுப்பு எரியாது. 1 கன மீட்டர் வாயு ஏறத்தாழ 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம் என்பதால் நாலைந்து பேர் உள்ள வீட்டின் சமையலுக்குத் தாராளமாகப் போதும், விருந்து விசேஷத்துக்குப் போதாது. முதல் தடவை நிரப்பிய பிறகு வாயு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த முதல் வாயுவில் கரியமில வாயுதான் அதிகம், பற்றவே பற்றாது, திறந்து வெளியேற்றிவிட வேண்டும். இதைத் தெரியாமல் கலன் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

எங்கள் பக்கம் அடுப்புக்குப் பரீட்சை என்றால் ராகி களிதான். உலை கொதிக்க சிலிண்டரைவிட நேரம் பிடிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மாவைப் போட்டுக் கிண்டும்போது தீ நீலமாக, ஒரே சீராக நிற்பதால் அடி பிடிப்பதில்லை, பாத்திரத்தில் கரி இல்லை, கண் எரிச்சல் இல்லை. விறகடுப்பில் இத்தனை வருஷம் ஊதிய அம்மாவுக்கு இது ஒன்றே போதும் என்றாகிவிட்டது.

குறை அடுப்பில்தான். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் வாங்கிய பர்னர் சீக்கிரமே அரித்துப்போனது, கடைக்காரர் மாற்றித் தரவில்லை. சாண வாயுவில் கந்தகம் கலந்த வாயுவும் இருக்கிறது, அதுதான் இரும்பை அரிக்கிறது. அதனால் குழாய் வழியில் இரும்புத் துருவல் போட்ட ஒரு சிறிய வடிகட்டி வைத்துவிடுங்கள். சாதாரண கேஸ் அடுப்பை அப்படியே மாட்டினாலும் எரியாது, வாயு வரும் துளை பெரிதாக இருக்க வேண்டும். தீ குதித்துக் குதித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், திறந்து வடித்தால் சரியாகிவிடும்.

சேர்ந்து கட்டச் சொல்வதற்குக் காரணம் கசிவு. சாண வாயுவில் எரிகிற பகுதியான மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். எரித்துவிட்டால் நல்லது. மூடியில் விரிசல் விட்டு அது காற்றில் கலந்துகொண்டே இருந்தால் கட்டியதற்குப் பலனே இல்லை, குப்பைமேட்டில் கொட்டி வைத்ததைவிட மோசம். எங்கள் தெருவில் ஒரே கொத்தனாரை வைத்து வீட்டுக்கு ஒன்றாக வரிசையாகக் கட்டினோம், குழி வெட்ட ஒருவருக்கொருவர் கை கொடுத்தோம், மகளிர் குழுக் கடன் உதவியது. அதைவிடப் பெரிய லாபம், சோப்புத் தண்ணீர் தடவி இணைப்பில் குமிழி வருகிறதா என்று பார்க்க குழுவில் இருக்கும் அக்காக்கள் எல்லாருக்கும் இப்போது தெரியும். யார் வீட்டிலாவது தீ குறைந்தால் அன்றைக்கே வந்து பார்க்கிறார்கள். கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய கலன்களைப் பாருங்கள், பெரும்பாலும் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாமல் போனவைதான்.

செலவு 50,000 ரூபாயைத் தொட்டது. மத்திய அரசு மானியம் 2022-ல் வந்த விதிப்படி அளவைப் பொறுத்து 9,800 ரூபாயில் தொடங்கியது, இப்போது உண்டா, எவ்வளவு என்று கட்டும் முன்பே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயு போக கலனிலிருந்து வெளியே வரும் சாணக் கரைசலைத் தக்காளிக்குப் பாசனத் தண்ணீரோடு விடுகிறோம். நாற்றம் இல்லை, ஈ மொய்ப்பதில்லை, உரச் செலவும் குறைந்திருக்கிறது.

குளிர் கூடுதலான தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்கள் கவனிக்க: குளிரில் சாணத்தை வாயுவாக்கும் நுண்ணுயிர் மந்தமாகிவிடும், மார்கழி, தையில் வாயு கண்கூடாகக் குறையும். சாணத்தை வெயிலில் சூடான தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், மூடி மேல் வைக்கோல் பரப்பி வையுங்கள். அப்படியும் அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் கைவசம் இருக்கட்டும்.